மலை உண்டியலும் வங்கி உண்டியலும்: ரூ.16,518 கோடிக்கு ஒரு பேரேடு

ரூ.16,518 கோடி. அரசியல் கட்சிகளுக்குப் பெயர் சொல்லாமல் நன்கொடை கொடுப்பதற்காக, 2018 மார்ச்சிலிருந்து 2024 ஜனவரி வரை முப்பது தவணைகளில் பாரத ஸ்டேட் வங்கி விற்ற தேர்தல் பத்திரங்களின் மொத்த மதிப்பு இது. இவ்வளவு பெரிய தொகை நம் போன்றவர்களின் மண்டையில் சட்டென்று ஏறாது. உள்ளூர் அளவுகோல் ஒன்று வேண்டும். திருத்தணி மலைக்கோயில் உண்டியலில் மாதம் ஒரு கோடி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொகை சேர 1,376 வருஷம் பிடிக்கும். காஞ்சியில் மாமல்லன் நரசிம்மவர்மன் ஆண்ட நாளில் உண்டியலை வைத்திருந்தால், பத்திரத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் மூடுவிழா நடத்திய வருஷத்தில்தான் கணக்கு நேராகியிருக்கும். கட்சிகள் அதை ஆறே வருஷத்தில் முடித்துவிட்டன.

உண்டியலை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மலைமேல் உண்டியல் எண்ணும் நாளில் முத்திரை வைத்த பூட்டை அதிகாரிகள் முன்னிலையில்தான் திறப்பார்கள். மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து பத்து ரூபாய் தனி, ஐம்பது தனி, ஐந்நூறு தனி என்று பிரித்துக் கட்டுவார்கள். மஞ்சள் துணியில் முடிந்து போட்ட காசை அவிழ்த்துக் குவிப்பார்கள். வெளிநாட்டு நோட்டு ஒரு பக்கம் ஒதுங்கும். வெள்ளி வேலும் கண்மலரும் தாலிப்பொட்டும் தராசுக்குப் போகும். எண்ணி முடித்ததும் ரொக்கம் இத்தனை, தங்கம் இத்தனை கிராம், வெள்ளி இத்தனை கிராம் என்று அறிவிப்பார்கள். மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்துவிடும். கோயில் நிர்வாகம் என்றாலே சுத்தம் என்று சொல்ல வரவில்லை. தணிக்கை ஆட்சேபம் இல்லாத பெரிய கோயிலைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் எண்ணுவதை நாலு பேர் பார்க்கிறார்கள்.

உண்டியலில் போட்டவர் பெயரும்தான் தெரியாது, அதுவும் ரகசியக் காணிக்கைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முருகன் யாருக்கும் சுரங்கப்பாதை டெண்டர் கொடுப்பதில்லை. அமலாக்கத் துறையும் அவர் கையில் இல்லை. போட்டவர் யார் என்று தெரியாவிட்டாலும் ஊருக்கு ஒன்றும் குடி முழுகாது. வேடிக்கை என்னவென்றால், கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கித் தருகிறவர்கூட அதன் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதிக்கொள்கிற நாடு இது. அந்த நாட்டில் கோடி கோடியாகக் கொடுத்தவர்களுக்கு மட்டும் திடீரென்று வெட்கம் வந்துவிட்டது. அந்த வெட்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

பத்திரம் எப்படி இருந்தது என்று பார்ப்போம். ரூ.1,000, 10,000, 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி என ஐந்து மதிப்பு. நாடு முழுக்க ஸ்டேட் வங்கியின் 29 கிளைகளில்தான் கிடைக்கும். தமிழ்நாட்டுக்குச் சென்னை முதன்மைக் கிளை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பத்துப் பத்து நாள் விற்பனை. மக்களவைத் தேர்தல் வரும் வருஷத்தில் கூடுதலாக 30 நாள். 2022 நவம்பரில் விதியைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தல் வரும் வருஷத்துக்கும் 15 நாள் சேர்த்தார்கள். வாங்கிய 15 நாளுக்குள் கட்சி அதைத் தன் கணக்கில் போட்டுவிட வேண்டும். தவறினால் பணம் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் போய்விடும். பத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் இருக்காது, வாங்கிய கட்சியின் பெயரும் இருக்காது.

எண் மட்டும் இருந்தது. 2018 ஏப்ரலில் ‘தி குவின்ட்’ செய்தியாளர் பூனம் அகர்வால் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் இரண்டை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், புற ஊதா விளக்கில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு தெரிந்தது. பத்திரத்துக்குப் பத்திரம் அது வேறு. நிதி அமைச்சகம் உடனே விளக்கம் கொடுத்தது: கள்ளப் பத்திரம் அடிப்பதைத் தடுக்கத்தான் அந்த எண், வாங்குகிறவரோடு சேர்த்து வங்கி எந்தப் பதிவேட்டிலும் அதைக் குறித்து வைப்பதில்லை என்று. ஆறு வருஷம் கழித்து, 2024 மார்ச் 21 அன்று வெளியான பட்டியலில் அதே எண்கள் வாங்கியவர் பெயருக்கு நேரே இருந்தன. பூனம் அகர்வால் செலவழித்தது இரண்டாயிரம் ரூபாய். இந்தப் பேரேட்டிலேயே உருப்படியான செலவு அதுதான் என்பேன்.

கம்பெனிகள் கட்சிக்குப் பணம் கொடுப்பது நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1957இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் கட்சி நன்கொடைக்கு அனுமதி கேட்டு வந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, சட்டப்படி அனுமதித்துவிட்டு, இது ஜனநாயகத்தின் கழுத்தை நெரிக்கிற அளவுக்கு வளரலாம் என்று எச்சரித்தார். 1960இல் உச்சவரம்பு வந்தது: ரூ.25,000 அல்லது சராசரி லாபத்தில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. 1969இல் இந்திரா காந்தி அரசு முழுசாகத் தடை செய்தது. நன்கொடை நிற்கவில்லை, மேசைக்கு மேலே இருந்தது கீழே போனது. 1985இல் மறுபடி 5 சதவீதம். 2013இல் 7.5 சதவீதம். 2017இல் வரம்பே கிடையாது என்றானது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி தன் கணக்கில் காட்ட வேண்டாம் என்றும் ஆனது. நிதி அமைச்சர் அருண் ஜேட்லி அந்த பிப்ரவரி 1 பட்ஜெட்டில் அறிவித்ததை நிதி மசோதாவுக்குள் சொருகி, பண மசோதாவாக்கி நிறைவேற்றினார்கள். ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத மாநிலங்களவைக்கு அதைத் தடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. ரிசர்வ் வங்கி முன்கூட்டியே ஆட்சேபித்தது. இது பின்னோக்கிய அடி என்று தேர்தல் ஆணையம் 2017 மே மாதம் கடிதம் எழுதியது. இரண்டு கடிதமும் கோப்பில் தூங்கின.

7.5 சதவீதம் போய்விட்டதால் என்ன நடந்தது என்பதற்கு நம்ம ஊர்க்காரர் ஒருவரின் கம்பெனியே போதும். லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் வாங்கிய பத்திரங்கள் 1,368. ஒவ்வொன்றும் ஒரு கோடி. மொத்தம் ரூ.1,368 கோடி, நாட்டிலேயே முதலிடம். டிசம்பர் 31 படித்திருவிழாவில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறார்களே, அந்த 365 படியில் இதை வைத்தால் படிக்கு மூன்றேமுக்கால் கோடி. 2019-20 முதல் 2022-23 வரை நான்கு நிதியாண்டில் இந்த நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் ரூ.215 கோடி என்று பத்திரிகைகள் கணக்கெடுத்து வெளியிட்டன. வருஷத்துக்குச் சராசரி 54 கோடி. பழைய 7.5 சதவீத வரம்பு இருந்திருந்தால் வருஷத்துக்கு நாலு கோடிக்குப் பக்கத்தில்தான் கொடுத்திருக்க முடியும். கொடுத்தது நான்கு வருஷ லாபத்தைப் போல் ஆறு மடங்கு. லாபத்தைவிட ஆறு மடங்கு தானம் செய்கிற வியாபாரி ஒன்று மகானாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வேறு ஏதோ செலவு.

இந்தப் பணம் எங்கே போனது? மலைமேல் ஏறி வடக்கே பார்த்தால் நகரி, புத்தூர்ப் பக்கம் தெரியும், அது ஆந்திரா. தெற்கும் கிழக்கும் தமிழ்நாடு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்ததிலிருந்து எல்லை அசையவில்லை. ஃபியூச்சர் கேமிங்குக்கு எல்லை ஒரு பொருட்டில்லை. 2019 முதல் 2024 வரை அந்தப் பக்கம் ஆண்ட ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு ரூ.154 கோடி. 2021 முதல் இந்தப் பக்கம் ஆட்சியில் அமர்ந்த தி.மு.க.வுக்கு, அந்தக் கட்சியே சொன்ன கணக்குப்படி, ரூ.509 கோடி. மேற்கு வங்கத்தில் திரிணமூலுக்கு ரூ.542 கோடி. பா.ஜ.க.வுக்கு 100 கோடி, காங்கிரஸுக்கு 50 கோடி. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலேயே தடை. ஆந்திராவிலும் விற்க முடியாது. சீட்டு விற்காத இரண்டு மாநிலத்தில் ஒரு லாட்டரிக் கம்பெனி 663 கோடி ரூபாய்க்கு அரசியல் நேசம் வளர்த்திருக்கிறது.

தி.மு.க. கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் கட்சியே சொன்னபடி, பத்திரம் மூலம் வந்தது மொத்தம் ரூ.656.5 கோடி. அதில் 509 கோடி மார்ட்டின் கம்பெனி. மேகா இன்ஜினியரிங் 105 கோடி. இரண்டே நிறுவனங்கள் சேர்ந்து 614 கோடி, அதாவது நூற்றுக்கு 93 ரூபாய் 50 காசு. உழைப்பாளிகளின் கட்சி, சாமானியரின் கட்சி என்ற மேடைப் பேச்சுக்குப் பக்கத்தில் இந்த 93.5 சதவீதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், கொடுத்தவர்களிடமே விவரம் கேட்டு வாங்கி, பெயரோடு தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்த விரல்விட்டு எண்ணக்கூடிய கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று. பா.ஜ.க.வும் காங்கிரஸும் அதைச் செய்யவில்லை. அ.தி.மு.க.வும் பெயரைச் சொன்னது; அதற்குச் சொல்ல இருந்தது ரூ.6.05 கோடிதான். அதில் 5 கோடி சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் நிறுவனத்திடமிருந்து, 2019 ஏப்ரலில். சி.பி.ஐ.யும் சி.பி.எம்.மும் பத்திரமே வேண்டாம் என்றன, சி.பி.எம். வழக்குக்கும் போனது. அந்த இரண்டும் தேர்தலில் என்ன பாடுபடுகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

இனி பெரிய வரிசை. 2019 ஏப்ரல் 12 முதல் 2024 பிப்ரவரி 15 வரை கட்சிகள் மாற்றிய தொகை, கோடியில்:

பா.ஜ.க. – 6,060
திரிணமூல் காங்கிரஸ் – 1,609
காங்கிரஸ் – 1,421
பாரத் ராஷ்டிர சமிதி – 1,214
பிஜு ஜனதா தளம் – 775
தி.மு.க. – 639
ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் – 337
தெலுங்கு தேசம் – 218

மற்றக் கட்சிகளையும் சேர்த்து மொத்தம் ரூ.12,769 கோடி. பா.ஜ.க.வுக்கு மட்டும் நூற்றுக்கு 47 ரூபாய்க்கு மேல். மாநிலத்தில் ஆட்சியில் இருந்த கட்சிக்கு ஆட்சிக்கேற்ற கூலி, மத்தியில் ஆட்சியில் இருந்த கட்சிக்குப் பாதிப் பந்தி. கொள்கை பார்த்துக் கொடுத்திருந்தால் இப்படி ஒரு வரிசை வராது. விற்ற தொகையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே போயிற்று. ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் சாதாரணக் குடிமகனுக்காக அச்சடித்தது என்றார்கள். சாதாரணக் குடிமகன் அதைத் தேடிச் சென்னை வரை போகவில்லை.

தேர்தல் செலவு வரம்போடு இதை ஒட்டிப் பார்த்தால் தலை சுற்றும். திருத்தணி சட்டமன்றத் தொகுதி வேட்பாளர் ஒருவர் செலவழிக்கலாம் என்று 2022இல் நிர்ணயித்த உச்சவரம்பு ரூ.40 லட்சம். தொகுதி அடங்கியிருக்கும் அரக்கோணம் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம். தமிழ்நாட்டின் 234 தொகுதியிலும் ஒரு கட்சி வேட்பாளரை நிறுத்தி, எல்லோரும் வரம்பு முட்டச் செலவழித்தாலும் 93 கோடியே 60 லட்சம்தான். தி.மு.க. வாங்கிய பத்திரப் பணம் அதைப் போல் ஏழு மடங்கு. பா.ஜ.க. 543 மக்களவைத் தொகுதியிலும் நின்று முட்ட முட்டச் செலவழித்தாலும் ரூ.516 கோடிக்குள்தான், அதன் பத்திரக் கணக்கு அதைப் போல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. மீதிப் பணத்துக்கு எங்கே வேலை என்று கேட்டால், வேட்பாளருக்குத்தான் வரம்பு, கட்சிக்கு வரம்பே கிடையாது என்பது பதில். சட்டத்தில் வேண்டுமென்றே விட்ட ஓட்டை அது.

அதே தேர்தல் சமயத்தில் ஆந்திர எல்லையிலுள்ள பொன்பாடி சோதனைச் சாவடிக்கு வாருங்கள். நகரிப் பக்கமிருந்து நூலுக்கோ சேலைக்கோ பணம் எடுத்து வருகிற விசைத்தறிக்காரர் மடியில் ரூ.50,000க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படை நிறுத்தும். பில் எங்கே, பாங்கில் எடுத்த ரசீது எங்கே என்று கேட்கும். ரசீது இல்லையென்றால் பணம் கருவூலத்துக்குப் போகும். அதை மீட்க அவர் தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைய வேண்டும். தறி ஓடாமல் நிற்கிற நாட்களுக்கு யாரும் ஈடு தரப்போவதில்லை. ஐம்பதாயிரத்தில் ஒரு ரூபாய் கூடினாலும் சந்தேகப்படுகிற அதே தேர்தல் ஜனநாயகத்தில், ஒரு கோடி ரூபாய்த் தாள் ஒன்று பெயரில்லாமல் கைமாறுவதற்கு வங்கியே கவுண்டர் திறந்து உட்கார்ந்திருந்தது. சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரைச் சோதிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய், ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகிய ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தார்கள். யாரிடம் யார் பணம் வாங்குகிறார்கள் என்று தெரியாமல் ஓட்டுப் போடச் சொல்வது, வாக்காளரின் தகவல் அறியும் உரிமையைப் பறிப்பது என்பது தீர்ப்பின் சாரம். மார்ச் 6க்குள் விவரத்தைக் கொடு என்று வங்கிக்கு உத்தரவு. வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதாவது இன்னும் 116 நாள். மக்களவைத் தேர்தல் முடிந்து புது அரசு பதவியேற்ற பிறகு. 22,217 பத்திரம், வாங்கியது ஒரு பக்கம், மாற்றியது இன்னொரு பக்கம், ஆக 44,434 விவரத்தை ஒப்பிட வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஏ.டி.எம்.மில் நூறு ரூபாய் கூடக் குறைய வந்தால் அன்றே கண்டுபிடிக்கிற வங்கி. நீதிமன்றம் மார்ச் 11 அன்று மனுவைத் தள்ளி, மறுநாள் மாலைக்குள் என்றது. மறுநாள் வந்துவிட்டது. 116 நாள் கேட்டுவிட்டு ஒரே நாளில் விவரத்தைக் கொடுத்ததற்கு ஊழியர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

வாங்கியது, மாற்றியது என்ற இரண்டு பட்டியலையும் எண்ணை வைத்துச் சேர்த்தால் முக்கியமாக நான்கு பத்தி கிடைக்கும்: தேதி, கொடுத்தவர், தொகை, வாங்கியவர். ‘எதற்காக’ என்ற ஐந்தாவது பத்தி இல்லை. அதைப் பத்திரிகைக்காரர்கள் வெளியே இருந்து நிரப்ப முயன்றார்கள். டெல்லி மது வழக்கில் அரவிந்தோ ஃபார்மாவின் இயக்குநர் ஒருவர் 2022 நவம்பர் 10 அன்று கைதானார்; நவம்பர் 15 அன்று அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது; அதை மாற்றியது பா.ஜ.க. 2023 ஜூனில் அவர் அப்ரூவர் ஆனார். நவம்பரில் மேலும் 25 கோடி. மேகா இன்ஜினியரிங் 2023 ஏப்ரலில் 140 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. மே மாதம் மகாராஷ்டிரத்தில் தாணே-போரிவலி இரட்டைச் சுரங்கப்பாதை வேலை, ரூ.14,400 கோடி, அதற்குக் கிடைத்தது. மார்ட்டின் கம்பெனி விஷயத்தில் 2022 ஏப்ரல் 2 அன்று அமலாக்கத் துறை ரூ.409 கோடி சொத்தை முடக்கியது என்று செய்தி. ஐந்தாவது நாள் 100 கோடிக்குப் பத்திரம். விசாரணை வளையத்தில் இருந்த 41 கம்பெனிகள் பா.ஜ.க.வுக்குக் கொடுத்தது ரூ.2,471 கோடி என்றும், அதில் 1,698 கோடி சோதனைக்குப் பிறகு வந்தது என்றும் மனுதாரர் தரப்பு வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் கணக்குச் சொன்னார். நஷ்டத்தில் ஓடிய 33 கம்பெனிகள் சுமார் 582 கோடி கொடுத்ததாகவும், அதில் 434 கோடி பா.ஜ.க.வுக்குப் போனதாகவும் ‘தி இந்து’ ஆய்வு காட்டியது. நஷ்டக் கம்பெனியின் தொழிலாளிக்கு போனஸ் கேட்டால் பாலன்ஸ் ஷீட்டைத் தூக்கிக் காட்டுவார்கள்.

இரண்டு தேதி பக்கத்தில் பக்கத்தில் இருப்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது. ஒப்புக்கொள்கிறேன். அதை விசாரித்துச் சொல்லத்தானே புலனாய்வு என்று ஒன்று இருக்கிறது? காமன் காஸ் முதலான அமைப்புகள் சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்டுப் போனபோது, 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது; சட்டத்தில் உள்ள மற்ற வழிகளைத் தனித்தனியே தேடிக்கொள்ளலாம் என்றது. பணத்தைக் கட்சிகளிடமிருந்து பறிமுதல் செய்யக் கேட்ட மனுவும் நிற்கவில்லை. திட்டம் செல்லாது, வசூல் செல்லும் என்றாகிவிட்டது.

இந்த இடத்தில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வது உபயோகம். ரிச்சர்ட் நிக்சனை வீழ்த்திய வாட்டர்கேட் விவகாரத்தைத் திருட்டு வழக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் நூல் பிடிபட்டது ஒரு வங்கிக் காசோலையில். நிக்சனின் தேர்தல் நிதிக்கென்று வந்த 25,000 டாலர் காசோலை, எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்து பிடிபட்டவர்களில் ஒருவரின் கணக்கில் போய் விழுந்திருந்தது. 1972 ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டன் போஸ்ட்டில் அது செய்தியானது. இரண்டு வருஷம் கழித்து, 1974 ஆகஸ்ட் 9 அன்று, ஜனாதிபதி வீட்டுக்குப் போனார். அதே வருஷம் நன்கொடைச் சட்டத்தை இறுக்கித் தேர்தல் நிதிக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். இன்றும் ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தால் பெயர், தொழில், முதலாளி யார் என்பது வரை பொதுப் பட்டியலில் ஏறிவிடும். அதற்காக அங்கே பாலாறு ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைட்டெட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பெனிகள் வேட்பாளரைச் சாராமல் தனியே எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று கதவைத் திறந்தது; கொடுத்தவர் பெயர் சொல்லாத அமைப்புகள் வழியாக வரும் பணத்துக்கு அங்கே ‘இருட்டுப் பணம்’ என்றே பெயர். அங்குள்ள இடதுசாரிகள் பதினைந்து வருஷமாக அதை எதிர்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே இருட்டு, சட்டத்தின் சந்துபொந்தில் இருக்கிறது. இங்கே அரசே ஸ்டாம்ப் அடித்து இருட்டை விற்றது.

அந்த விற்பனைக்குக் கமிஷனையும் நாம்தான் கட்டினோம். பத்திரம் வாங்கியவரிடம் ஒரு பைசா கட்டணம் கிடையாது. அச்சுச் செலவும் வங்கிக் கமிஷனும் அரசின் தலையில். ஸ்டேட் வங்கி கேட்ட கமிஷன் ரூ.10.68 கோடி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வைத்து இதையெல்லாம் தோண்டி எடுத்தவர்களில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா முக்கியமானவர். அவர் வாங்கிய இன்னொரு பதில்: 2024இல், திட்டம் சாகப்போகும் நேரத்தில், ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் புதிதாக 8,350 அடித்து வைத்திருந்தார்கள்.

பொறுப்பு ஏற்பது என்றால் என்ன விலை என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு ரேட் இருக்கிறது. 1957இல் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியதை மக்களவையில் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காங்கிரஸ் உறுப்பினர், பிரதமரின் மருமகன் பெரோஸ் காந்தி. விசாரிக்க வந்தவர் அதே சாக்ளா. பொதுமக்கள் உட்கார்ந்து கேட்க, பகிரங்க விசாரணை. 24 நாளில் முடிந்தது. நிதி அமைச்சர், நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். நேருவுக்கு அவரை விட மனமில்லை, ஆனாலும் விட்டார்.  அன்றைய ஒன்றேகால் கோடிக்கும் இன்றைய ஒன்றேகால் கோடிக்கும் மதிப்பு வேறு. நூறு மடங்கு கூட்டிக்கொண்டாலும் 125 கோடிதான். அதற்கு ஒரு நிதி அமைச்சர் போனார். 16,518 கோடிக்கு ஒரு துணைச் செயலாளர்கூடப் பதவி விலகவில்லை. நிதி அமைச்சகம் 2018இல் சொன்ன எண் விளக்கத்துக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்தக் கட்சியும் ஒரு பத்திரத்தின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பல கட்சிகளின் பதில் ஒரே அச்சு: சட்டப்படி வாங்கினோம். ஆமாம், அந்தச் சட்டத்தைத்தான் செல்லாது என்றார்கள்.

பத்திரம் போய், பணம் வேறு வாய்க்காலில் பாய்கிறது. 2024-25இல் தேர்தல் அறக்கட்டளைகள் ஒன்பது சேர்ந்து கட்சிகளுக்குக் கொடுத்தது ரூ.3,811 கோடி, அதில் பா.ஜ.க.வுக்கு 3,112 கோடி, நூற்றுக்கு 82. இங்கே கொடுத்தவர் பெயர் தெரிகிறது, அது முன்னேற்றம்தான். ஆனால் பல கம்பெனியின் பணம் ஒரே தொட்டியில் விழுந்து பல கட்சிக்குப் பிரிவதால், யார் ரூபாய் யாருக்குப் போனது என்பது மறுபடி கலங்கிவிடுகிறது. ஐந்தாவது பத்தி இப்போதும் காலி. அதை நிரப்ப பிரமாதமான சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு கோடிக்கு மேல் நன்கொடை கொடுத்த கம்பெனி அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷத்தில் எடுத்த அரசு ஒப்பந்தம் எது, வாங்கிய உரிமம் எது, அதன் மேல் நடந்த சோதனை எது என்று பக்கத்திலேயே அச்சிட்டால் போதும். விவரம் எல்லாம் அரசிடம் இருக்கிறது. சார்பதிவாளர் ஆபீஸில் ஒரு வில்லங்கச் சான்றிதழுக்கு முப்பது வருஷத்தைத் தோண்டி எடுத்துத் தருகிற நிர்வாகத்துக்கு இது பெரிய வேலை இல்லை. செய்ய வேண்டியவர்கள் வாங்கியவர்களே என்பதுதான் சிக்கல்.

வரவு வைக்க இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. 2019 ஏப்ரல் தொடங்கி விற்ற 22,217 பத்திரத்தில் கட்சிகள் மாற்றியது 22,030. மீதி 187, பதினைந்து நாள் கெடு தாண்டியதால் பிரதமர் நிவாரண நிதிக்குப் போய்விட்டது. இந்தப் பேரேட்டில் பொதுக் காரியத்துக்கு வந்து சேர்ந்த தொகை அது ஒன்றுதான். அதுவும் யாரோ மாற்ற மறந்ததால்.